அம்மாவின் இரண்டாவது மூட்டை: இடம் முடியுமுன் இடம் தேடுவது எப்படி



இந்த வார எபிசோட்டைக் கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அரைவாசி போனபிறகு என் கூட்டாளி ஒரு கேள்வி கேட்டாள்: "நீ வேலையில பெட்டாபைட் கணக்கில ஸ்டோரேஜ் பார்க்கிறாய். உனக்கு எப்பவாவது இடம் இல்லாமல் போயிருக்கா?" நான் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். மைக்குக்கு முன்னால் சொல்ல மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

போயிருக்கு. வேலையில் இல்லை, வீட்டில். அதில் நான் இழந்தது இனிக் காசு கொடுத்தும் வாங்க முடியாத ஒன்று. இந்தப் பாடம் முழுக்க அந்தப் பிழையைச் சுற்றித்தான் போகும். ஆனால் முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு விளங்கினால்தான் பிழை எங்கே என்று உங்களுக்கும் விளங்கும்.

கொள்ளளவுத் திட்டமிடல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிறது மூன்றே கேள்விகள். இப்போது எவ்வளவு இருக்கு? எவ்வளவு வேகத்தில் முடியுது? புதிது வந்து சேர எவ்வளவு நாள் எடுக்கும்? ஹார்ட் டிஸ்க்குக்கும் அரிசிக்கும் அணைத் தண்ணீருக்கும் இதே மூன்று கேள்விகள்தான்.

1. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு உங்களுடைய அளவு இல்லை

என் அறையில் ஒரு சின்ன நாஸ் பெட்டி இருந்தது. நாஸ் என்றால் வீட்டு வைஃபையில் தொடுத்துவிட்டு எல்லாரும் கோப்பு போட்டு வைக்கிற பெட்டி. உள்ளே 4 டெராபைட் டிஸ்க் இரண்டு. அப்போ 8 டெராபைட்தானே?

இல்லை. இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். அதனால் பாவிக்கக்கூடியது 4 டெராபைட். அதையும் கம்ப்யூட்டர் 3.6 என்றுதான் காட்டும். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024, 1024 ஆக எண்ணுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு. கணக்கு சுலபமாக இருக்க நான் இங்கே ஆயிரத்திலேயே எண்ணுகிறேன். 4 டெராபைட் என்றால் 4,000 ஜிகாபைட்.

ஆகவே முதல் படி, வாங்கிய அளவை மறந்துவிட்டுப் பாவிக்கக்கூடிய அளவை எழுதி வைப்பது. வேலையிலும் இதுதான் முதல் படி. ஆயிரம் டெராபைட் வாங்கினோம் என்று மேலாளர் சொல்லுவார். பிரதிகளுக்கும் பழுது பார்ப்பதற்கும் ஒதுக்கினது போக எவ்வளவு மிச்சம் என்று கேட்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

2. அம்மாவின் இரண்டு மூட்டை

எங்கட வீடு டூங்காபியில். சமையலறை அலுமாரியின் கீழ்த்தட்டில் எப்பவும் 20 கிலோ அரிசி மூட்டை இரண்டு இருக்கும். ஒன்று திறந்தது, மற்றது திறக்காதது. முதல் மூட்டை முடிந்து இரண்டாவதைத் திறக்கிற அன்றைக்கு அம்மா அப்பாவிடம் சொல்லுவா: "கடைப்பக்கம் போனா அரிசி ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ." இன்னும் 20 கிலோ இருக்கே என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இதைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். நாங்கள் ஐந்து பேர். கிழமைக்கு ஏறக்குறைய 5 கிலோ அரிசி செலவாகும். அப்பா கடைப்பக்கம் போக ஆகக்கூடினது இரண்டு கிழமை எடுக்கும். அந்த இரண்டு கிழமைக்கும் 10 கிலோ வேணும். அதற்குள் பெரியம்மா குடும்பம் மெல்பேர்ணில் இருந்து வந்து நிற்கலாம், கடையில் அந்த அரிசி இல்லாமலும் போகலாம். அதற்கு இன்னொரு 10 கிலோ. மொத்தம் 20. அதாவது திறக்காத ஒரு மூட்டை.

சூத்திரமாகச் சொன்னால் இப்படி:

திரும்ப வாங்கும் புள்ளி = (கிழமைச் செலவு × காத்திருக்கும் கிழமைகள்) + கைகாப்பு

கைகாப்பு என்று நான் சொல்வது எதிர்பாராததற்கு ஒதுக்கி வைக்கும் பங்கு. வேலையில் பஃபர் என்போம். காத்திருக்கும் காலத்தை லீட் டைம் என்போம். அம்மாவுக்கு இந்த இரண்டு சொல்லும் தெரியாது. அவவுக்கு மூட்டை தெரியும். தொழிற்சாலைகளில் இதே முறையை இரட்டைத் தொட்டி முறை என்பார்கள். ஒரு தொட்டி காலியானால் அதுவே ஆர்டர் போடும் அறிவிப்பு, யாரும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. அம்மாவும் அரிசியை நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வாங்கும் நேரத்தைத் தீர்மானிப்பது மிச்சம் இருக்கும் அளவு மட்டும் இல்லை. மிச்சம் இருக்கிறது புதிது வரும்வரை தாங்குமா என்பதுதான் கேள்வி. 90 சதவீதம் நிரம்பின டிஸ்க் ஆபத்தா? கிழமைக்கு ஒரு ஜிகாபைட் சேர்கிற ஒருவருக்கு ஆபத்தே இல்லை. என்னைப் போல 120 சேர்கிறவருக்கு அது கழுத்துவரை வந்த தண்ணீர்.

3. என் கணக்கு

2021 ஜனவரியில் அம்மம்மாவைப் பதிவு செய்யத் தொடங்கினேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டபிறகு, அவ கதிரையில் சாய்ந்து இருக்க, இரண்டு மணித்தியாலம். எதிரில் கமரா, அவவின் சேலைத் தலைப்பில் குத்தின ஒரு சின்ன மைக். கமராவின் சொந்த மைக் ஒரு ஒலித்தடம், சேலை மைக் இரண்டாவது ஒலித்தடம். நல்ல தரத்தில் எடுத்ததால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட், ஞாயிறு ஒன்றுக்கு 90. எங்கட பாட்காஸ்ட் கோப்புகளும் வீட்டுப் படங்களும் சேர்ந்து இன்னும் 30. மொத்தம் கிழமைக்கு 120.

தொடங்கும்போதே பெட்டியில் 1,400 ஜிகாபைட் இருந்தது. 19 கிழமை போனது. 19 × 120 = 2,280. கூட்டினால் 3,680. மே நடுப்பகுதியில் மிச்சம் ஏறக்குறைய 300 ஜிகாபைட். 92 சதவீதம் நிரம்பிவிட்டது என்று பெட்டி மின்னஞ்சல் அனுப்பியது. இரண்டரைக் கிழமை தாங்கும். டிஸ்க் ஆர்டர் போட்டால் ஒரு கிழமையில் வரும். கைகாப்பே ஒன்றரைக் கிழமை இருக்கு என்று நினைத்துக்கொண்டு ஆறுதலாக ஆர்டர் போட்டேன்.

கடைக்காரர் பதில் எழுதினார்: ஆறு கிழமை ஆகும்.

ஏன்? அந்த வருடம் மார்ச்சில் சியா என்று ஒரு கிரிப்டோ நாணயம் வந்திருந்தது. பிட்காயின் மாதிரி மின்சாரத்தைக் கொட்டிக் கணக்குப் போடத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கில் வெற்று இடம் வைத்திருந்தால் போதும், அதை வைத்துப் 'பயிர்' செய்யலாம். மே தொடக்கத்தில் அந்த நாணயத்தின் வர்த்தகம் ஆரம்பித்ததும் பல நாடுகளில் ஆட்கள் பெரிய டிஸ்க்குகளை அள்ளிக்கொண்டு போனார்கள், விலையும் ஏறியது. யாரோ ஒருவர் எங்கேயோ பயிர் செய்ய, டூங்காபியில் அம்மம்மாவின் கதைக்கு இடம் இல்லாமல் போனது.

இப்போது சரியான கணக்கைப் போடுங்கள். ஆறு கிழமைக்கு 120 வீதம் 720 ஜிகாபைட். அந்த அளவு மிச்சம் இருக்கும்போது, அதாவது பெட்டி 82 சதவீதம் நிரம்பும்போதே, நான் ஆர்டர் போட்டிருக்க வேணும். கைகாப்பும் சேர்த்தால் 80. 'எண்பது சதவீதத்தில் வாங்கு' என்று எங்கட தொழிலில் ஒரு வழக்கு இருக்கு. அந்த எண்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. உங்கட வேகமும் உங்கட காத்திருப்பும் வேறு என்றால் உங்கட எண்ணும் வேறு.

4. லீட் டைம் ஒரு சத்தியம் இல்லை

நான் செய்த பிழைக்குப் பெயர் இருக்கு. போனமுறை ஒரு கிழமையில் வந்தது, இந்தமுறையும் ஒரு கிழமையில் வரும் என்று நம்பினேன். ஹார்ட் டிஸ்க் உலகத்தில் இருந்துகொண்டு இப்படி நம்பினதுதான் வெட்கம். ஏனென்றால் பத்து வருடத்துக்கு முதல் இந்த உலகம் ஒரு பெரிய அடி வாங்கியிருந்தது.

2011 இல் தாய்லாந்தில் பெருவெள்ளம். மழைக்காலத்தில் வடக்கில் பெய்த தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி, அக்டோபரில் பேங்காக்குக்கு வடக்கே இருந்த தொழிற்பேட்டைகளுக்குள் புகுந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் தொழிற்சாலை மூழ்கியது. தண்ணீருக்கு அடியில் இருந்த இயந்திரங்களை எடுக்கச் சுழியோடிகளை இறக்கினார்கள். போட்டியாளரான சீகேட்டின் தொழிற்சாலைகள் மூழ்கவில்லை, ஆனாலும் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். டிஸ்க்கைச் சுழற்றும் சின்ன மோட்டாரில் பெரும்பங்கைச் செய்வது நிடெக் என்ற ஒரே ஜப்பானிய நிறுவனம். அதன் தாய்லாந்துத் தொழிற்சாலைகளுக்குள்ளும் தண்ணீர்.

விளைவு? அடுத்த காலாண்டில் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட ஹார்ட் டிஸ்க் எண்ணிக்கை கால் பங்குக்கும் மேல் விழுந்தது. சில கிழமைக்குள் பல மாடல்களின் விலை இரட்டித்தது.

இரண்டு கடையில் வாங்குகிறோம், ஒன்று இல்லாவிட்டால் மற்றது என்று நினைக்கிறோம். இரண்டு கடையும் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்கினால், இரண்டு நிறுவனமும் ஒரே மோட்டாரில் தங்கியிருந்தால், எங்களிடம் உண்மையில் இருக்கிறது ஒரு வழிதான். சங்கிலியைப் பின்னோக்கிப் பார்த்து, எல்லாம் எந்த இடத்தில் ஒன்றாகச் சேருது என்று தேடுவது கொள்ளளவுத் திட்டத்தின் பாதி வேலை.

அந்த நேரத்தில் பேக்பிளேஸ் என்ற கலிபோர்னியாப் பேக்கப் நிறுவனம் செய்ததைக் கேளுங்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 டெராபைட்டுக்கும் மேல் புது இடம் வேணும். மொத்த விற்பனையில் டிஸ்க் கிடைக்கவில்லை. சாதாரணச் சூப்பர்மார்க்கெட்டில் வெளியே செருகுகிற டிஸ்க் இன்னும் தட்டில் இருந்தது. ஒருவருக்கு இரண்டு என்று கட்டுப்பாடு. ஊழியர்கள், சொந்தக்காரர், நண்பர்கள் எல்லாரும் கடை கடையாகப் போய் இரண்டு இரண்டாக வாங்கி, பிளாஸ்டிக் கூட்டை உடைத்து உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துப் பாவித்தார்கள். பிறகு அதை அவர்களே எழுதி வெளியிட்டார்கள். சங்கக் கடை வரிசையில் ஒரே வீட்டில் நாலு பேர் தனித்தனியாக நின்ற கதையை உங்கட பெற்றோர் சொல்லியிருந்தால், இது உங்களுக்குப் புதுசாக இராது.

5. சாட்டையின் நுனி

2023 ஜூலை 20. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை, ஓகஸ்டில் 20 சதவீத வரிதான் வந்தது. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் 'அரிசித் தடை' என்ற இரண்டு சொல் மட்டும்தான் ஓடியது.

அந்தக் கிழமை அப்பாவோடு கடைக்குப் போனேன். அரிசித் தட்டு பாதிக்கு மேல் காலி. 'ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு அண்ணை நாலு மூட்டையோடு நின்று கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கிழமை சிட்னியில் யாரும் வழக்கத்தைவிடக் கூடச் சோறு சாப்பிடவில்லை. வயிறு அதே வயிறு. ஆனால் மாதம் ஒன்று வாங்குகிறவர் நாலு வாங்குகிறார். கடைக்காரர் அதைப் பார்த்துப் பத்து மடங்கு ஆர்டர் போடுகிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து இன்னும் கூட்டிப் போடுகிறார். சாட்டையைப் பிடித்திருக்கும் கை கொஞ்சம்தான் அசையும், நுனி காற்றைக் கிழிக்கும். இதற்குச் சாட்டை விளைவு என்றே பெயர். எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961 இலேயே இந்த அசைவை விளக்கி எழுதினார். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைக் குழந்தைகளின் டயப்பரில் கண்டது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆனால் தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் மட்டும் அலை அலையாக ஏறி இறங்கியது.

இங்கே ஒரு நியாயக் கேள்வி இருக்கு. கைகாப்பு நல்லது என்று மேலே சொன்னேன். அப்போ நாலு மூட்டை அண்ணை செய்ததும் கைகாப்புத்தானே? இல்லை. வித்தியாசம் அளவில் இல்லை, நேரத்தில். அம்மாவின் இரண்டாவது மூட்டை, தட்டு நிறைய அரிசி இருந்த ஒரு சாதாரணக் கிழமையில் வந்தது. அது யாருடைய பானையில் இருந்தும் எடுத்தது இல்லை. தட்டுப்பாடு தொடங்கின பிறகு வாங்குகிற கைகாப்பு இன்னொருவரின் இன்றைய சாப்பாடு. அன்றைக்கு நாங்கள் அரிசி வாங்காமலே வந்தோம். வீட்டில் ஒன்று திறக்காமல் இருந்தது.

6. சராசரியை நம்பவேண்டாம்

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. கொரோனாவுக்காகப் பப்பும் ஜிம்மும் மூடச் சொல்லி முதல் நாள் இரவு அறிவித்துவிட்டார்கள். வேலை போனவர்கள் உதவித்தொகைக்குப் பதிவு செய்ய மைகவ் தளத்துக்கு ஓடினார்கள். தளம் விழுந்தது. சென்டர்லிங்க் வாசல்களில் வரிசை தெருவைச் சுற்றியது.

காலையில் அமைச்சர் ஸ்டூவர்ட் ராபர்ட் அதை இணையத் தாக்குதல் என்றார். பின்னேரம் நாடாளுமன்றத்தில் திருத்திச் சொன்னார்: தாக்குதல் இல்லை. ஒரே நேரத்தில் 55,000 பேரைத் தாங்கும் தளத்துக்குள் 95,000 பேர் வர முயன்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 55,000 என்பது கவனக்குறைவான எண் இல்லை. அதற்குச் சில நாள் முன்புவரை 6,000 தான். ஒன்பது மடங்காக்கிவிட்டுத்தான் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தார்கள். அப்படியும் போதவில்லை. சாதாரண நாளை வைத்துப் பெருக்கினால் இப்படித்தான் ஆகும். ஒரே செய்தியை ஒரே இரவில் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே காலையில் வருவார்கள். கலியாண வீட்டுக்குச் சமைக்கிற எங்கட ஆட்களுக்கு இது தெரியும். முந்நூறு பேர் என்பது பெரிய விஷயம் இல்லை, முந்நூறு பேரும் தாலி கட்டி முடிந்த கையோடு பந்திக்கு வருவதுதான் விஷயம். எத்தனை கதிரை வேணும் என்பதை அந்தப் பத்து நிமிடம் தீர்மானிக்கும்.

7. கூடிப்போனாலும் காசு

அப்போ எப்பவும் கனக்க வாங்கி வைத்தால் சரியா? அதற்கும் விலை இருக்கு. அதைப் பார்க்க நாங்கள் தூரம் போகத் தேவையில்லை, குழாயைத் திறந்தால் போதும்.

2007 தொடக்கத்தில், நீண்ட வறட்சியால் சிட்னியின் அணைகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கின. கர்னெல்லில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்ட முடிவானது. நாளுக்கு 25 கோடி லீட்டர், நகரத் தேவையில் சுமார் 15 சதவீதம். 2010 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அதற்குள் மழை வந்தது, அணைகள் நிரம்பின, 2012 இல் ஆலையை நிறுத்தி வைத்தார்கள். ஓடாத ஆலைக்கு ஏன் காசு கட்டுகிறோம் என்று சனம் கேட்டது. 2015 டிசம்பரில் ஒரு சூறாவளி ஆலையை அடித்துச் சேதமாக்கியது, திருத்த வேண்டி வந்தது. விக்டோரியாவில் வொன்தாகி ஆலைக்கும் இதே கதை. 2012 டிசம்பரில் கட்டி முடித்தார்கள், மெல்பேர்ணுக்கு முதல் தண்ணீர் வந்தது 2017 இல். தண்ணீர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஆண்டுக் கட்டணம் உண்டு.

பிறகு 2019 ஜனவரி. சிட்னி அணைகள் 60 சதவீதத்துக்கு இறங்கியதும் கர்னெல் ஆலையை மறுபடி இயக்கினார்கள். ஏன் 60? இன்னும் பாதிக்கு மேல் இருக்கே? நீங்களே சொல்லிவிடுவீர்கள்: லீட் டைம். நிறுத்தி வைத்த ஆலை முழு அளவுக்கு வர மாதக்கணக்கில் எடுக்கும். 20 சதவீதம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால், ஆலை தயாராகும்போது வாளிதான் மிஞ்சும். அந்த 60 தான் சிட்னியின் திறக்காத மூட்டை. 2020 பெப்ரவரி மழைக்கு முன் அணைகள் 45 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தன.

அப்போ 2012 முதல் 2019 வரை கட்டின காசு வீணா? மழை பெய்த வருடங்களை மட்டும் பார்த்தால் வீண். கார் மோதாத வருடத்தில் கட்டின இன்சூரன்ஸ் வீண் என்று சொல்வதும் அதே மாதிரித்தான். ஆனாலும் சனம் கேட்ட கேள்வி பிழையில்லை. எவ்வளவு கைகாப்புக்கு எவ்வளவு காசு என்று கேட்கத்தான் வேணும். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: தீர்ந்துபோனால் என்ன நடக்கும்? அரிசி தீர்ந்தால் ஒருநாள் பாண் சாப்பிடலாம். தண்ணீர் தீர்ந்தால் நகரம் இல்லை. திரும்ப வாங்க முடியாத பொருளுக்குத்தான் பெரிய கைகாப்பு.

8. அந்த ஆறு கிழமை

என் கதையை முடிக்கிறேன். மூன்றாவது கிழமை பெட்டி நிரம்பிவிட்டது. அம்மம்மா கதை சொல்லத் தயாராகக் கதிரையில் இருந்தா. "என்ன தம்பி, இண்டைக்கு இல்லையோ?" என்று கேட்டா. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பழைய வீடியோக்களை எல்லாம் சின்னக் கோப்புகளாக மாற்ற ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். படம் நன்றாக வந்தது. மூலக் கோப்புகளை அழித்தேன். நிறைய இடம் கிடைத்தது. என் கெட்டித்தனத்தில் எனக்கே சந்தோஷம்.

அடுத்த வருடம் குளிர்காலத்தில் அம்மம்மா போய்விட்டா. அந்தியேட்டிக்கு அவ பேசுவதை ஐந்து நிமிடம் போடலாம் என்று கோப்பைத் திறந்தேன். 1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபிறகு மண்ணெண்ணெய் இல்லாமல், ஜாம் போத்தலில் துளி எண்ணெயும் திரியும் வைத்து அம்மாவைப் படிப்பித்த கதை. அவவின் வாய் அசைகிறது. கேட்பது கேத்தில் கொதிக்கும் சத்தமும் பக்கத்து அறை டிவியும்தான். இடையில் இடையில் ஒரு சொல்.

நான் பாவித்த புரோகிராம், தனியாகச் சொல்லாவிட்டால் ஒரே ஒரு ஒலித்தடத்தைத்தான் எடுக்கும். அது எடுத்தது கமராவின் மைக்கை. சேலை மைக் இருந்த தடம் மூலக் கோப்போடு போய்விட்டது. கண்ணாடி டிஸ்க் காப்பாற்றவில்லையா? கண்ணாடி, நான் அழித்ததையும் அப்படியே அழித்தது. டிஸ்க் பழுதாவதில் இருந்துதான் கண்ணாடி காக்கும், என் கையில் இருந்து காக்காது. வேறொரு இடத்தில் இன்னொரு பிரதி இருந்திருந்தால் அது காத்திருக்கும்.

புது டிஸ்க் வந்தபிறகு ஜூலையில் இருந்து எடுத்தவை முழுசாக இருக்கு. அதற்கு முந்தின மாதங்கள், அவவின் சின்ன வயதும் தொண்ணூறுகளும், கேத்தில் சத்தத்துக்கு அடியில் கிடக்கு.

அம்மாவிடம் இதைச் சொன்ன அன்று அவ என்னை ஏசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "அம்மா ஏன் எப்பவும் ரெண்டு மூட்டை வைக்கச் சொன்னவ எண்டு தெரியுமோ? சாமான் வரும் எண்டு சொன்னால் அவ நம்ப மாட்டா. வந்து இறங்கினாத்தான் நம்புவா." கப்பல் எப்ப வரும், பாதை எப்ப திறக்கும் என்று தெரியாத ஊரில் குடும்பம் நடத்தியவ. லீட் டைமை நம்பாதே என்ற பாடத்தை வேலையிடத்தில் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எங்கட சமையலறை அலுமாரியில் இருந்தது, அம்மம்மா அதை வாயாலும் சொல்லியிருந்தா. நான் அதை அழித்துவிட்டேன்.

1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. வேறு எங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. ஒரே ஒரு பிரதி என்றால் என்ன என்று எங்கட சமூகத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகும் நான் ஒரே ஒரு பெட்டியை நம்பினேன்.

இந்த வாரப் பயிற்சி

ஒரு கடதாசி எடுங்கள். பத்து நிமிடம் போதும்.

ஒன்று: உங்கட போனில் அல்லது டிஸ்க்கில் பாவிக்கக்கூடிய இடம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? எழுதுங்கள்.

இரண்டு: அடுத்த ஞாயிறும் அதே எண்ணைப் பாருங்கள். வித்தியாசம்தான் உங்கட கிழமைச் செலவு. நாலு கிழமை எழுதினால் சராசரி தெரியும். அதில் ஆகக்கூடின கிழமையைத் தனியாகக் குறியுங்கள். பிறந்தநாளும் பயணமும் அங்கேதான் இருக்கும்.

மூன்று: புது இடம் வர எத்தனை கிழமை எடுக்கும்? சாதாரணமாக எடுப்பதை எழுதிவிட்டு, பக்கத்தில் ஆகமோசமாக எடுக்கக்கூடியதையும் எழுதுங்கள். இரண்டாவது எண்ணைக் கிழமைச் செலவால் பெருக்கி, கொஞ்சம் கூட்டுங்கள். அந்த அளவு மிஞ்சும் நாளில் வாங்குங்கள். மின்னஞ்சல் எச்சரிக்கையையும் அந்த எண்ணுக்கே வையுங்கள். என் பெட்டி 92 இல் எழுதியது, 80 இல் எழுதியிருக்க வேணும்.

நான்கு: திரும்ப எடுக்க முடியாத கோப்புகள் எவை? அவற்றுக்கு மட்டும் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். எனக்கு அந்த வேறு வீடு இப்போது மெல்பேர்ணில் பெரியம்மாவின் அலுமாரி. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்க் இருக்கு. ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அதை மாற்றி வைக்கிறோம்.

ஐந்து: எதையும் அழிக்க முதல் புதுக் கோப்பைத் திறந்து, கண்ணால் பார்த்தால் போதாது, காதாலும் கேளுங்கள்.

வீட்டில் தாத்தாவோ அம்மம்மாவோ இருந்தால், இடம் இருக்கும்போதே பதிவைத் தொடங்குங்கள். போனை மேசையில் வைத்தால் கேத்திலைத் தள்ளி வையுங்கள்.

உங்கட கணக்கில் என்ன எண் வந்தது என்று பதில் எழுதுங்கள், அடுத்த எபிசோட்டில் சிலவற்றைப் போட்டுப் பார்ப்போம். என் கூட்டாளி அதே கேள்வியை மறுபடி கேட்டால், இந்தமுறை சிரித்துச் சமாளிக்க மாட்டேன்.

அடுத்த கிழமை சந்திப்போம்.